முதியோர் இல்லத்தில் ஆக்குபேஷனல் தெரபி: புதிதாகச் சேருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆக்குபேஷனல் தெரபி, சுருக்கமாக ஓ.டி., அதாவது அன்றாட வேலைகளைத் தாமே செய்ய உதவும் சிகிச்சை, படித்துவிட்டு, மருத்துவமனையிலோ குழந்தைகளுக்கான தெரபி மையத்திலோ கொஞ்ச காலம் இருந்துவிட்டு, இப்போது ஒரு அசிஸ்டெட் லிவிங் இல்லத்திலோ (அன்றாட உதவியோடு முதியோர் தங்கும் இடம்) மெமரி கேர் பிரிவிலோ (மறதி நோய் உள்ளவர்களுக்கான பிரிவு) சேரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோவையிலும் சென்னையிலும் இப்படிப்பட்ட இல்லங்கள் வேகமாக வளர்கின்றன. ஆனால் உள்ளே போனதும் முதல் நாள் எதில் கை வைப்பது என்று சொல்லிக்கொடுக்க ஆள் இருப்பதில்லை. நம்மூரில் ஓ.டி. என்றாலே குழந்தைகளுக்குத்தான் என்ற நினைப்பு பலருக்கும் இருக்கிறது. 1950-ல் மும்பையில் கமலா நிம்ப்கர் இந்தப் படிப்பைத் தொடங்கியதும், 1952-ல் அகில இந்திய சங்கம் உருவானதும், 2021-ல் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில் நம் தொழிலுக்கும் இடம் கிடைத்ததும் படிப்பில் வந்திருக்கும். பெரியவர்களோடு வேலை செய்வது எப்படி என்பதை மட்டும் வேலையில்தான் கற்க வேண்டியிருக்கிறது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்ற மறதி நோய் இருப்பதாக, நாடு தழுவிய லாசி-டாட் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. ஆட்கள் தேவைப்படும் இடம் இது.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் நோயாளி குணமாகி வீட்டுக்குப் போவார். இங்கே இதுதான் வீடு. டிமென்ஷியாவில் போனது பெரும்பாலும் திரும்பி வராது. ஆனால் போக வேண்டாதது ஏராளமாகப் போகிறது, அதற்குக் காரணம் நோய் அல்ல. கை நன்றாக இருப்பவருக்கு நேரமாகிறது என்று ஊட்டிவிடுகிறார்கள், சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுகிறார்கள், நடக்கக்கூடியவரை வீல்சேரில் தள்ளிக்கொண்டு போகிறார்கள். எல்லாம் அன்பில் செய்வதுதான். ஆனால் சில மாதங்களில் அவர் கையை எடுக்கவே மறந்துவிடுகிறார். இந்த இழப்பைத் தடுப்பதுதான் உங்கள் வேலையின் நடு மையம். மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான் வரும்.

முதல் வாரம்: சிகிச்சை வேண்டாம், உட்காருங்கள்

சேர்ந்த அன்றே பந்தும் பெக்போர்டும் (முளைகளைத் துளைகளில் செருகும் பலகை) எடுத்துக்கொண்டு போகாதீர்கள். காலை ஆறு மணிக்கு ஒரு நாள் போங்கள், சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாள், மாலை நான்கு மணிக்கு ஒரு நாள். யார் யாரோடு உட்காருகிறார்கள், யாருக்குத் தட்டு எங்கே வைக்கப்படுகிறது, யார் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கவனியுங்கள்.

எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லோரையும் 'பாட்டி', 'தாத்தா' என்று கூப்பிடுவது நமக்கு இயல்பாக வரும். முப்பது வருடம் தலைமையாசிரியராக இருந்தவருக்கு அது பிடிக்காமல் போகலாம். அவர் 'சார்' என்றால் திரும்பிப் பார்ப்பார். 'டீச்சரம்மா' என்று கூப்பிட்டதும் நிமிர்ந்து உட்காரும் அம்மாக்கள் உண்டு. கோப்பின் முதல் பக்கத்தில், பெயருக்குக் கீழே, அவரை எப்படி அழைக்க வேண்டும் என்று எழுதிவையுங்கள்.

அடுத்து வாழ்க்கைக் குறிப்பு. குடும்பத்தாரிடம் "அம்மாவுக்கு என்ன பொழுதுபோக்கு?" என்று கேட்டால் "டிவி பார்ப்பாங்க" என்ற பதிலோடு நின்றுவிடும். கேள்வியைச் சிறிதாக்குங்கள். எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்? காபி குளிப்பதற்கு முன்பா, பின்பா? வெந்நீரா, பச்சைத் தண்ணீரா? கட்டிலில் படுத்துப் பழகியவரா, பாயிலா? இதுவரை வீட்டில் இருந்தது இந்தியன் டாய்லெட்டா, வெஸ்டர்னா? எந்தக் கை வாக்கு? என்ன வேலை, எந்த ஷிஃப்ட்? கோயிலுக்குப் போவாரா, சாமி கும்பிடவே மாட்டாரா? எதைச் செய்தால் கோபம் வரும்?

கோவையில் நான் வேலை பார்த்த ஓர் இல்லத்தில், தினமும் பிற்பகல் மூன்றரைக்குக் கிளம்பிவிடும் ஒரு பெரியவர் இருந்தார். சட்டையைத் தேடுவார், கிடைக்காவிட்டால் பனியனோடே கேட்டுக்குப் போய் நிற்பார். "நேரமாச்சுங்க, உட மாட்டீங்களா?" என்பார். தடுத்தால் கை ஓங்குவார். மாலை நேரத்துப் பதற்றம் என்று எழுதி, மாத்திரையைக் கூட்டலாமா என்ற பேச்சு வரை போயிருந்தது. மகளிடம் கேட்டபோதுதான் தெரிந்தது, அவர் ஸ்பின்னிங் மில்லில் பல வருடம் செகண்ட் ஷிஃப்ட் பார்த்தவர். நான்கு மணிக்கு ஷிஃப்ட். அதன்பிறகு மூன்றேகாலுக்கே டீ கொடுத்து, சட்டை எடுத்துத் தந்து, கையில் ஒரு தூக்குப்போசியையும் கொடுத்து, அட்டெண்டரோடு தோட்டத்தை ஒரு சுற்று நடக்கவிட்டோம். சுற்றி வந்து சேரும் இடத்தில் ஒரு மேசை, அதில் சுற்ற வேண்டிய நூல். அவர் உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்துவிடுவார். எல்லா நாளும் பலிக்கவில்லை. ஆனால் கேட்டில் நடந்த சண்டை பெரும்பாலும் நின்றது. மகளிடம் ஷிஃப்டைக் கேட்டிராவிட்டால் இந்தத் திட்டம் யாருக்கும் தோன்றியிருக்காது.

மதிப்பீடு

ஸ்கோர் ஷீட்டை எடுப்பதற்கு முன் நான்கைச் சரிபாருங்கள்: கண்ணாடி அவருடையதுதானா, துடைத்திருக்கிறதா, காது மெஷினில் பேட்டரி இருக்கிறதா, பல்செட் பொருந்துகிறதா, எங்காவது வலிக்கிறதா. பக்கத்து அறைக்காரரின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டிருப்பவருக்கு நினைவாற்றல் சோதனை வைத்துப் பயனில்லை. முந்தைய நாள் வரை நன்றாக இருந்தவர் திடீரென்று குழம்பினாலோ, பகலெல்லாம் தூங்கினாலோ அதை டிமென்ஷியா முற்றியதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் குறைவு, புதிய மாத்திரை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். தெரபியை நிறுத்திவிட்டு உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

தினசரிச் செயல்களுக்கு பார்த்தெல் அளவுகோல் போதும். பத்து விஷயங்கள், 100 மதிப்பெண், அட்டெண்டர்களுக்கும் புரியும். சமையல், பணம், மாத்திரை, போன் போன்றவற்றுக்கு லாட்டனின் அளவுகோல் இருக்கிறது. அதை அப்படியே போட்டால் வாழ்நாளில் அடுப்பங்கரைப் பக்கமே போகாத ஆண்களுக்கு மதிப்பெண் குறைந்துவிடும். 'செய்ய முடியவில்லை' என்பதையும் 'செய்ததே இல்லை' என்பதையும் பிரித்து எழுதுங்கள்.

நினைவாற்றலையும் சிந்தனையையும் சோதிக்கும் மோகா சோதனை தமிழில் கிடைக்கிறது. 30-க்கு 26-க்குக் கீழே போனால் பாதிப்பு இருக்கலாம் என்ற எல்லை பள்ளிப்படிப்பு உள்ளவர்களை வைத்து வந்தது. பென்சிலே பிடிக்காத ஒரு விவசாயி அம்மாவிடம் கனசதுரம் வரையச் சொன்னால், அங்கே அளக்கப்படுவது அவருக்குப் பள்ளிக்கூடம் கிடைத்ததா என்பதுதான். எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்காக ஹரியானாவின் பல்லப்கரில் உருவான எவ்ரிடே அபிலிட்டீஸ் ஸ்கேல் ஃபார் இந்தியா என்ற அளவுகோல் இருக்கிறது. கூட இருப்பவரிடம் கேட்டு நிரப்புவது அது. நம் கிராமத்துப் பெரியவர்களுக்கு அது நியாயமாக இருக்கும். டிமென்ஷியாவின் பரவலான வகையான அல்சைமர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறிய ரைஸ்பெர்கின் ஃபாஸ்ட் அளவுகோலைக் கையில் வைத்திருங்கள். ஏழு கட்டங்கள். ஐந்தாவதில் உடையைத் தேர்ந்தெடுக்க உதவி வேண்டியிருக்கும், ஆறாவதில் உடுத்த, குளிக்க, கழிப்பறைக்குப் போக என்று வரிசையாக உதவி வேண்டியிருக்கும், ஏழாவதில் பேச்சு குறைந்துவிடும். அடுத்து என்ன வரும் என்று குடும்பத்துக்குச் சொல்ல இது நன்றாக உதவும்.

இவ்வளவும் செய்தாலும், எனக்கு நம்பிக்கை தருவது ஒரு செயலைச் செய்யச் சொல்லிப் பார்ப்பதுதான். காபி போட்டுப் பழகியவரென்றால் காபி. மேசையில் டிகாக்‌ஷன், வெதுவெதுப்பான பால், சர்க்கரை, ஸ்பூன், டவரா டம்ளர். அடுப்பு வேண்டாம். "எனக்கு ஒரு காபி கலந்து தாங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். தானாகத் தொடங்குகிறாரா, யாராவது டம்ளரைக் கையில் கொடுத்தால்தான் தொடங்குகிறாரா? கண் முன்னால் இருக்கும் சர்க்கரை டப்பாவைத் தேடுகிறாரா? பாலை ஊற்றிவிட்டு டிகாக்‌ஷனை விட்டுவிடுகிறாரா? சர்க்கரை மூன்று, நான்கு, ஐந்து ஸ்பூன் என்று நிறுத்தத் தெரியாமல் போடுகிறாரா? டம்ளர் நிரம்பியதும் ஊற்றுவதை நிறுத்துகிறாரா? ஆற்றும்போது இரண்டு கையும் ஒத்துழைக்கின்றனவா? தொடங்குவது, வரிசை, தேடுவது, நிறுத்துவது ஆகிய நான்கில் எது உடைந்திருக்கிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தொடங்க மட்டும் சிரமப்படுபவருக்குப் பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்துக் கையில் கொடுத்தால் பல் தேய்த்துவிடுவார். வரிசை தப்புபவருக்குத் துணிகளை உடுத்தும் வரிசையில் அடுக்கித்தர வேண்டும். நிறுத்தத் தெரியாதவருக்கு ஷாம்பு பாட்டிலைக் கண்ணில் காட்டாமல் கையில் ஊற்றித்தர வேண்டும். உங்கள் திட்டம் இப்படித்தான் பிறக்கும்.

எவ்வளவு உதவுவது

உதவியில் படிகள் உண்டு. முதலில் காத்திருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பாதிப் பேர் அந்தப் பத்துக்குள் தொடங்கிவிடுவார்கள், நாம்தான் மூன்றிலேயே கையை நீட்டிவிடுகிறோம். அடுத்து ஒரே ஒரு சின்ன வாக்கியம்: "சட்டைக்குள்ள கையை விடுங்க." ஒரே மூச்சில் "எழுந்து வந்து சேர்ல உட்கார்ந்து கையைக் கழுவுங்க" என்றால் நான்கு வேலை, ஒன்றும் நடக்காது. அதற்கும் மேல் தேவைப்பட்டால் சைகை, பிறகு நாமே செய்து காட்டுவது, பிறகு முழங்கையில் லேசாகத் தொட்டுத் தூண்டுவது. கடைசியாக, அவர் கைக்குக் கீழே நம் கையைக் கொடுத்து இருவருமாகச் செய்வது. மேலே பிடித்து இழுத்தால் பயந்து கையை இறுக்கிக்கொள்வார்கள். கீழே கொடுத்தால் தாமே செய்வதுபோல வருவார்கள். முழுவதுமாக நாமே செய்வது இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

முழுச் செயலும் முடியாதவருக்குக் கடைசிப் படியை மட்டும் விட்டுவையுங்கள். சட்டையை மாட்டி, மற்றப் பொத்தான்களைப் போட்டுவிட்டு, கடைசி ஒரு பொத்தானை அவருக்கு விடுங்கள். முடித்தது அவராக இருக்கும். அது நிலைத்த பிறகு இரண்டு பொத்தான். வேட்டி நழுவுகிறவருக்கு வெல்க்ரோ வைத்த வேட்டி, சேலை விட மனமில்லாத அம்மாவுக்கு முன்பே தைத்துவைத்த சேலை. வசதிக்காக எல்லோரையும் நைட்டிக்குள் தள்ளிவிடாதீர்கள்.

குளியலறை

சண்டை அதிகம் நடக்கும் இடம் இது, நம் தொழிலின் பலம் தெரியும் இடமும் இதுதான். "குளிக்கவே மாட்டேங்குறாங்க" என்று சொன்னால், அட்டெண்டரோடு ஒருமுறை உள்ளே நின்று பாருங்கள். குளிர், தெரியாத ஆள் துணியை அவிழ்ப்பது, வழுக்கும் என்ற பயம், எதிர்பாராமல் தலையில் விழும் தண்ணீர் என்று காரணம் கண்ணெதிரே இருக்கும்.

அழைப்பதற்கு முன்பே எல்லாம் தயாராக இருக்க வேண்டும். ஜன்னலைச் சாத்துங்கள், மின்விசிறியை அணையுங்கள். கைப்பிடியுள்ள குளியல் நாற்காலி, வழுக்காத விரிப்பு. அந்த விரிப்பு கறுப்பாக இருக்கக் கூடாது, டிமென்ஷியா உள்ளவர்கள் கண்ணுக்கு அது குழியாகத் தெரியலாம், காலே வைக்க மாட்டார்கள். வெள்ளை டைல்ஸில் வெள்ளை வாளியும் வெள்ளை மக்கும் கண்ணில் படாது, சிவப்பு வாங்குங்கள். ஷவரைவிட வாளியும் செம்பும்தான் நம் பெரியவர்களின் கைக்குத் தெரிந்தவை.

"குளிக்க வாங்க" என்பதைவிட "தண்ணி சூடா இருக்கு, ஆறிடும்" என்பது வேலை செய்யும். உட்கார்ந்ததும் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் செம்பு பாதத்தில், அடுத்தது முழங்காலில். தோள்மேல் ஒரு துண்டு போர்த்தியே இருக்கட்டும், துண்டின் மேலேயே ஊற்றலாம். செம்பை அவர் கையில் கொடுங்கள், கை தானாக ஊற்றத் தொடங்கும். முதுகும் காலும் மட்டும் நம் வேலை. பெண்களுக்குப் பெண் அட்டெண்டர்தான், இதில் பேச்சே இல்லை. தலைக்குக் குளிப்பதைத் தனி நாளாக்குங்கள், அந்த நாளை அவர் பழக்கத்திலிருந்து எடுங்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய் வைத்துக் குளித்தவரைத் திங்கட்கிழமை இல்லத்து அட்டவணைப்படி தலைக்கு ஊற்றினால் அவர் கத்துவதில் நியாயம் இருக்கிறது. "இன்னைக்கு வெள்ளிக்கிழமைம்மா" என்று சொன்னதும் தானே பின்னலை அவிழ்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

கழிப்பறையிலும் இதே சங்கதி. வாழ்நாள் முழுக்கக் குத்துக்காலிட்டுப் பழகியவருக்கு வெஸ்டர்ன் கழிப்பறையைப் பார்த்தால் அது என்னவென்றே புலப்படாமல் போகலாம். சிலர் அதன்மேல் ஏறி உட்காரப் பார்ப்பார்கள், சிலர் குளியலறைத் தரையிலேயே போய்விடுவார்கள். வேண்டுமென்று செய்கிறார் என்று யாரும் திட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டை அடர்ந்த நிறத்தில் மாற்றுங்கள், கதவில் படம் ஒட்டுங்கள், இரவில் உள்ளே விளக்கு எரியட்டும், கட்டிலில் படுத்தபடியே அந்தக் கதவு தெரியட்டும். எழுந்ததும், சாப்பிட்டபின், படுக்கும் முன் என்று நேரம் வைத்து அழைத்துப் போங்கள். காலுக்குக் கீழே ஒரு தாழ்வான ஸ்டூல் வைத்தால் முழங்கால் உயர்ந்து, மலம் கழிப்பதும் எளிதாகும். அந்த ஸ்டூல் அசையாததாக இருக்க வேண்டும், எழும்போது அட்டெண்டர் முதலில் அதை நகர்த்திவிட வேண்டும். சுவரில் கைப்பிடி என்று சொல்லித் துண்டு போடும் கம்பியைக் காட்டுவார்கள். ஆள் பாரத்தை அது தாங்காது, சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய கைப்பிடிதான் வேண்டும்.

சாப்பாடு

பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் முற்றிய நிலை அல்சைமர் உள்ளவர்களுக்கு அடர் சிவப்புத் தட்டிலும் கோப்பையிலும் கொடுத்துப் பார்த்தார்கள். 2004-ல் வெளியான அந்த ஆய்வில் உணவு 25 சதவீதமும் பானங்கள் 84 சதவீதமும் கூடுதலாக உள்ளே போயின. பங்கெடுத்தவர்கள் ஒன்பதே பேர் என்றாலும், காரணம் தெளிவு: நிற வேறுபாடு இருந்தால் கண்ணுக்குச் சாப்பாடு தெரிகிறது. நம் இல்லங்களில் என்ன செய்கிறோம்? வெள்ளைத் தட்டில் தயிர்சாதம், அல்லது விளக்கொளியில் பளபளக்கும் எவர்சில்வர் தட்டு. வாழையிலையில் வெள்ளைச் சாதம் வைத்துப் பாருங்கள். தினமும் இலை முடியாதென்றால் பச்சை அல்லது நீலத்தில், விளிம்பு உயர்ந்த தட்டு போதும்.

கையால் சாப்பிட்டவருக்கு ஸ்பூனைத் திணிக்காதீர்கள். பிசைந்து உருட்டும் பழக்கம் கையில் கடைசி வரை தங்கும். பக்கவாதத்தாலோ நடுக்கத்தாலோ விரல் ஒத்துழைக்காதவருக்குத்தான் ஸ்பூன், அப்போதும் பிடி தடிமனானதாக. ஒரே தட்டில் ஐந்து வகை வைத்தால் திகைத்துப்போவார், ஒவ்வொன்றாக வையுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, கால் தரையில் படிய இருக்க வேண்டும். சாப்பிடும்போது அடிக்கடி இருமினாலோ, குரல் தண்ணீர்பட்டதுபோல மாறினாலோ, நர்ஸிடமும் பேச்சு-விழுங்கல் சிகிச்சையாளரிடமும் அன்றைக்கே சொல்ல வேண்டும்.

விழாமல் இருக்க

டைம்டு அப் அண்ட் கோ சோதனை எளிது. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து உண்டு. படுத்திருந்து எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் மேல் அளவில் 20 இறங்கினால் டாக்டரிடம் அனுப்புங்கள். காலில் குதிகால் வார் உள்ள செருப்பு. கட்டில் உயரம் உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் படும்படி. நிலைப்படிகளைச் சரிவாக்கச் சொல்லுங்கள். இரவு இரண்டு மணிக்கு ஒருமுறை, கட்டிலிலிருந்து கழிப்பறை வரை நீங்களே நடந்து பாருங்கள். பகலில் தெரியாதது பல அப்போது தெரியும்.

வாக்கரை மறந்து எழுந்துவிடுபவருக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. "எழுந்திரிக்கும்போது என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். "வாக்கரைப் பிடிக்கணும்" என்று பதிலையும் நீங்களே சொல்லி, அவரைச் சொல்லவைத்து, பிடிக்கவும் வையுங்கள். அரை நிமிடம் கழித்து மறுபடி கேளுங்கள், பிறகு ஒரு நிமிடம், இரண்டு, நான்கு, எட்டு. தவறினால் "இல்லை" என்று சொல்லாமல் சரியான பதிலை உடனே கொடுத்து, கடைசியாகச் சரியாகச் சொன்ன இடைவெளிக்குத் திரும்புங்கள். எல்லா அட்டெண்டர்களும் அதே கேள்வியை அதே வார்த்தைகளில் கேட்க வேண்டும்.

விழுவார் என்று நாற்காலியோடு துணியால் கட்டிவைக்கும் பழக்கத்தை எங்காவது பார்த்தால் பேசாமல் வராதீர்கள். கட்டப்பட்டவர் அவிழ்க்கத் திமிறி இன்னும் மோசமாக விழுவார், உடம்பின் பலம் போகும், தோலில் புண் வரும். ஏன் எழுகிறார் என்று தேடுங்கள். பெரும்பாலும் சிறுநீர், வலி, பசி, அல்லது வெறுமனே உட்கார்ந்து அலுத்துப்போனது.

கைக்கு வேலை

கலரிங் புத்தகமும் பிளாஸ்டிக் பொம்மையும் வேண்டாம். எண்பது வயதுவரை குடும்பம் நடத்தியவர்களுக்கு முன்னால் அவற்றை வைப்பது அவமதிப்பு. அவர் செய்துவந்த வேலையையே எடுத்து, இப்போது முடிகிற அளவுக்குச் சிறிதாக்குங்கள். பூ தொடுப்பதை எடுத்துக்கொள்வோம். தொடக்க நிலையில் வாழைநாரில் மல்லிகையைத் தானே தொடுப்பார். அடுத்த நிலையில் முடிச்சு தப்பும், அப்போது ஊசியில் நூல் கோத்துக்கொடுத்தால் கோப்பார். அதற்கும் அடுத்து, மொட்டையும் விரிந்ததையும் பிரித்து வைப்பார். பிறகு, தொடுப்பவருக்கு ஒவ்வொரு பூவாக எடுத்துக் கொடுப்பார். கடைசியில் மடியில் பூவை வைத்து முகர்ந்துகொண்டு பக்கத்தில் இருப்பார். செயல் ஒன்றுதான், நிலைக்கேற்ப அளவுதான் மாறுகிறது. கீரை ஆய்வது, திரி திரிப்பது, துண்டு மடிப்பது, பேப்பரை வரிசைப்படுத்துவது, சில்லறை பிரிப்பது எல்லாவற்றையும் இப்படியே இறக்கி இறக்கித் திட்டமிடலாம்.

ஒரு எச்சரிக்கை. மெமரி கேர் பிரிவுக்குள் அரளிப் பூவைக் கொண்டுவராதீர்கள், அது விஷம், வாயில் போட்டுக்கொள்பவர்கள் இருப்பார்கள். சூடத்தையும் கைக்கெட்டும் இடத்தில் வைக்கக் கூடாது, கற்கண்டு என்று நினைத்துத் தின்றுவிடுவார்கள். சாமி அறையில் பேட்டரி விளக்கு எரியட்டும், நெருப்பு விளக்கு ஏற்றுவதென்றால் ஆள் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்.

முற்றிய நிலையில் உங்கள் வேலை குறையாது, மாறும். மடங்கிக்கொள்ளும் விரல்களுக்கு உள்ளங்கையில் மென்மையான துணிச்சுருள், வீல்சேரில் சரியும் உடம்புக்குத் தாங்கல், படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கும் அட்டவணை. நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணையை வாங்கி வருவார்கள், அது ரத்த ஓட்டத்தை நெருக்கும், வேண்டாம்.

அட்டெண்டரும் குடும்பமும்

நெதர்லாந்தில் மாட் கிராஃப் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வாரங்களில் பத்து முறை வீட்டுக்கே போய், டிமென்ஷியா உள்ளவருக்கும் அவரைக் கவனித்துக்கொள்பவருக்கும் சேர்த்து ஓ.டி. கொடுத்தார்கள். அன்றாடச் செயல்கள் தெளிவாக முன்னேறின. அவர்களுக்கு வீட்டில் ஒரு மனைவியோ மகளோ இருந்த இடத்தில் இல்லத்தில் அட்டெண்டர் இருக்கிறார். நீங்கள் ஒருவரோடு இருப்பது அரை மணி நேரம். காலை ஆறு மணிக்குக் குளிக்கவைப்பவர் அட்டெண்டர்தான். அவர் செய்யாத திட்டம் கோப்பிலேயே கிடக்கும்.

எனவே அவரிடம் முதலில் கேளுங்கள்: "இவங்களை எப்படிம்மா சமாளிக்கிறே?" உங்களுக்குத் தெரியாத பல உத்திகள் அவருக்குத் தெரிந்திருக்கும். பலர் வட மாநிலங்களிலிருந்து வந்து தமிழ் இப்போதுதான் கற்றுக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்குப் பத்துச் சொற்களை எழுதிக்கொடுங்கள்: உட்காருங்க, எழுந்திரிங்க, மெதுவா, வலிக்குதா, தண்ணி வேணுமா. ஒருவருக்கு ஒரே தாள், படத்தோடு, அலமாரிக் கதவின் உள்பக்கம்: என்ன தானே செய்வார், எதற்கு எவ்வளவு உதவி, எப்படிக் கூப்பிடுவது. வருகிறவர் போகிறவர் படிக்கும்படி சுவரில் ஒட்டாதீர்கள். நேரமாகிறது என்று அட்டெண்டர் சொன்னால் அது உண்மை. காலை நேரத்தில் ஒருவரிடம் ஒரே ஒரு செயலை மட்டும் கேளுங்கள். மேலாளரிடம் பேசி, அதற்கான பத்து நிமிடத்தையும் வாங்கிக்கொடுங்கள்.

குடும்பத்திடமிருந்து வரும் கேள்வி வேறு. வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் பார்த்துவிட்டு, "இவ்வளவு காசு கட்டறோம், அம்மா எதுக்குத் தட்டு கழுவறாங்க?" என்பார்கள். கோபப்படாதீர்கள், அது பாசத்திலிருந்து வருகிறது. சேரும் நாளிலேயே சொல்லிவிடுங்கள்: அவர் கழுவுவதால் விரல் பிடி நிற்கிறது, நிற்கும் பலம் நிற்கிறது, வீட்டில் ஒரு ஆள் என்ற நினைப்பு நிற்கிறது. மதிப்பீட்டுத் தாளையும் சிகிச்சை இலக்கையும் காட்டுங்கள். இலக்கை 'தன்னம்பிக்கை மேம்படும்' என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. 'நான்கு வாரத்தில், செம்பைக் கையில் கொடுத்தால், உடம்பின் முன்பக்கத்துக்குத் தானே தண்ணீர் ஊற்றிக்கொள்வார், ஏழில் ஐந்து நாள்' என்று எழுதினால் மகனுக்கும் புரியும், அட்டெண்டருக்கும் புரியும், நடந்ததா இல்லையா என்று உங்களுக்கும் தெரியும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, விழுந்தாலோ மருத்துவமனைக்குப் போய்வந்தாலோ உடனேயே, மறுபடி மதிப்பிடுங்கள். உதவியின் அளவு கூடியிருந்தால் இலக்கைக் குறைத்து எழுதத் தயங்க வேண்டாம், அது உங்கள் தோல்வியாகாது. அலமாரியில் ஒட்டிய தாளை மாற்றும்போது பழையதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். இரண்டும் அலமாரியில் தொங்கினால், இரவு டியூட்டிக்கு வருபவர் கண்ணில் முதலில் படுவதைத்தான் பின்பற்றுவார்.